குவிவு நிகழ்வெண்: ஒரே அட்டவணை, நாலு விடை. எது சரி?

அரும்பு_கணக்கு எழுதியது:

வணக்கம். 60 மாணவர்களின் மதிப்பெண் அட்டவணை இது.

11–20 : 4
21–30 : 7
31–40 : 13
41–50 : 18
51–60 : 11
61–70 : 5
71–80 : 2

குவிவு நிகழ்வெண் (அந்தந்தப் பிரிவு முடியும் வரை உள்ளவர்களின் கூட்டுத்தொகை) போட்டாச்சு: 4, 11, 24, 42, 53, 58, 60. இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. இடைநிலை அளவு, அதாவது வரிசையின் நட்டநடு மதிப்பு, கண்டுபிடிக்கும்போதுதான் சிக்கல். ஒரு வழியில் 43.83, இன்னொரு வழியில் 44.33, மற்றொன்றில் 33.83. வரைபடத்திலிருந்து படித்தால் 38.8 வருகிறது. நாலுக்கும் பயன்பட்டது இதே குவிவு வரிசைதான். எங்கே பிசகுகிறது?

---

எண்சுவடி எழுதியது:

43.83 தான் சரி. மற்ற மூன்றும் எப்படிப் பிறந்தன என்பதை விடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

குவிவு நிகழ்வெண் என்பது ஒரு பிரிவுக்குச் சொந்தமான எண் இல்லை, ஓர் எல்லைக்கு சொந்தமான எண். 31–40 வரிசைக்கு நேராக 24 என்று எழுதுகிறோம். அதன் பொருள் "31 முதல் 40 வரை 24 பேர்" என்பதல்ல, "40 என்ற மேல் எல்லை முடிய 24 பேர்" என்பது. இந்த ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

இப்போது உங்கள் அட்டவணையில் ஒரு பிரிவு 40-இல் முடிகிறது, அடுத்தது 41-இல் தொடங்குகிறது. நடுவில் ஒரு மதிப்பெண் இடைவெளி. சூத்திரமோ பிரிவுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஆகவே இடைவெளியைப் பாதிப் பாதியாகப் பங்கிட வேண்டும்: கீழ் எல்லையில் 0.5 கழி, மேல் எல்லையில் 0.5 கூட்டு. 41–50 என்பது 40.5–50.5 ஆகும்.

என் என்பது மொத்த எண்ணிக்கை 60, ஆகவே என்/2 = 30. குவிவு வரிசையில் 30-ஐ முதலில் எட்டும் பிரிவு 41–50 (குவிவு 42). அதற்கு முந்தைய குவிவு எம் = 24. அந்தப் பிரிவின் நிகழ்வெண் எஃப் = 18, அகலம் சி = 10, கீழ் எல்லை எல் = 40.5.

இடைநிலை = எல் + ((என்/2 − எம்) ÷ எஃப்) × சி
= 40.5 + (6/18) × 10 = 43.83

எல்லையைத் திருத்தாமல் எல் = 41 என்று போட்டதால் வந்தது 44.33. சிலர் அதோடு நிற்காமல் சி-யையும் 50 − 41 = 9 என்று எடுப்பார்கள், அப்போது 44.00 வரும். 41 முதல் 50 வரை விரல் விட்டு எண்ணினால் பத்து மதிப்பெண்கள், அகலம் ஒன்பது ஆகாது.

33.83-க்குக் காரணம் எம்-இன் இடத்தில் 42 போட்டது. 30 − 42 குறை எண், உடனே எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். விடை தன் பிரிவுக்குள்ளேயே (40.5க்கும் 50.5க்கும் நடுவே) விழாவிட்டால் எம் தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

---

கோட்டுத்தாள் எழுதியது:

38.8-இன் பிறப்பிடம் நான் சொல்கிறேன். புள்ளிகளைப் பிரிவின் நடுப்புள்ளியில் குறித்திருக்கிறீர்கள். நிகழ்வெண் பலகோணத்துக்கு நடுப்புள்ளி சரி. குவிவு வளைவுக்கு, அதாவது ஓஜைவுக்கு, மேல் எல்லைதான். எண்சுவடி சொன்ன காரணமே: 24 பேர் முடிவது 40.5-இல், 35.5-இல் அல்ல. நடுப்புள்ளியில் வைத்தால் வளைவு மொத்தமும் அரைப்பிரிவு, அதாவது 5 மதிப்பெண், இடப்பக்கம் நகர்ந்துவிடும். 43.83 − 5 = 38.83. சரியாக அதுதானே உங்கள் விடை?

குறிக்க வேண்டிய புள்ளிகள்:

(10.5, 0), (20.5, 4), (30.5, 11), (40.5, 24), (50.5, 42), (60.5, 53), (70.5, 58), (80.5, 60)

முதல் புள்ளியை விட்டுவிடாதீர்கள். பிரிவுகள் ஏழு, புள்ளிகள் எட்டு. (10.5, 0) இல்லாமல் வரைந்தால் வளைவு அந்தரத்தில் தொடங்கும். சிலர் அதை ஆதிப்புள்ளியோடு இணைத்துவிடுகிறார்கள், அது 0-க்கும் 10-க்கும் நடுவிலும் ஆள் இருப்பதாகச் சொல்வதற்குச் சமம்.

கொசுறு: ஓஜைவ் என்ற சொல் கட்டடக் கலையிலிருந்து வந்தது. பிரான்சிஸ் கால்டன் 1875-இல் புள்ளியியலுக்குக் கொண்டுவந்தார். அவர் வரைந்த படத்தில் அச்சுகள் இடம் மாறியிருக்கும்: ஆட்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்தி, வரிசை எண்ணைப் படுக்கை அச்சிலும் உயரத்தை நெட்டச்சிலும் வைத்தார். இன்று நாம் திருப்பிப் போடுகிறோம்.

---

வடமராட்சி_வளையி எழுதியது:

இலங்கையிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: இங்கே நீங்கள் குவிவு நிகழ்வெண் என்று சொல்வதை நாங்கள் திரள் மீடிறன் என்போம். இடைநிலை அளவு எங்களுக்கு இடையம், பிரிவு இடைவெளி வகுப்பாயிடை, ஓஜைவ் திரள் மீடிறன் வளையி. கணக்கு ஒன்றுதான்.

வளையியிலிருந்து காலணைகளையும் எடுக்கலாம். 60-இன் கால்பங்கு 15, முக்கால்பங்கு 45. கணித்தால்:

முதலாம் காலணை: 30.5 + (4/13) × 10 = 33.58
மூன்றாம் காலணை: 50.5 + (3/11) × 10 = 53.23
காலணையிடை வீச்சு: 19.65

வரைபுத்தாளில் 33.5, 53 என்று வாசித்தாலே போதும். புள்ளிகளைக் கையால் ஒப்பமாக இணைத்தால் நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்ததிலிருந்து சற்று விலகும். சூத்திரம் நேர்கோட்டைத்தான் பின்பற்றுகிறது. ஆகையால் முதலாம் தசமதானம் வரை இரண்டும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

---

அரும்பு_கணக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி, 38.8 மர்மம் தீர்ந்தது. இன்னொன்று. "விடக் குறைவு" குவிவையும் "விட அதிகம்" குவிவையும் கூட்டினால் எப்போதும் 60 வர வேண்டும் என்று படித்தேன். எனக்கு முதல் வரிசையில் 4 + 60 = 64 வருகிறது. இரண்டாவதில் 11 + 56 = 67.

---

எண்சுவடி எழுதியது:

ஒரே வரிசையில் இருப்பதாலேயே அவை ஒரே எல்லைக்கு உரியவை ஆகிவிடாது. "விடக் குறைவு" 4 என்பது 20.5-இல் நிற்கிறது. "விட அதிகம்" 60 என்பது 10.5-இல் நிற்கிறது. 20.5-ஐ விட அதிகம் 56, கூட்டினால் 60. 40.5-இல் 24 + 36, 50.5-இல் 42 + 18. எல்லாம் சரி.

அதே வரிசையில் கூட்டினால் என் + எஃப் வரும், அந்தப் பிரிவு இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால். 64 = 60 + 4, 67 = 60 + 7. தப்பென்று நினைத்ததே நல்ல சரிபார்ப்பு முறையாகிவிட்டது பாருங்கள். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தால் அவை வெட்டும் இடத்தின் உயரம் 30, கீழே படித்தால் 43.83.

---

ஊர்த்தொகை எழுதியது:

"0.5 கழி, 0.5 கூட்டு" என்பதை மந்திரம் போலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மதிப்பெண்ணுக்கும், அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்திய அளவுக்கும் அது பொருந்தும். 162 செ.மீ. என்று எழுதிய உயரம் 161.5 முதல் 162.5 வரை எதுவாகவும் இருக்கலாம்.

வயது அப்படி இல்லை. இந்தியக் கணக்கெடுப்பில் கேட்பது நிறைவடைந்த வயது. 24 வயது 11 மாதம் ஆனவரும் 24 தான். ஆகவே 20–24 பிரிவின் உண்மை எல்லைகள் 20-உம் 25-உம், 19.5-உம் 24.5-உம் அல்ல. இங்கே 0.5 கழித்தால் இடைநிலை வயது முழுதாக அரை ஆண்டு குறையும். அட்டவணையின் முகம் ஒன்றாகவே இருக்கும். எண் எப்படிப் பதிவானது என்று கேட்டால்தான் எல்லை தெரியும்.

வயது அட்டவணையில் கடைசிப் பிரிவு "80-உம் அதற்கு மேலும்" என்று திறந்திருப்பதும் வழக்கம். குவிவுக்கு அதனால் கேடில்லை. இடைநிலை அந்தப் பிரிவில் விழாதவரை மேல் எல்லையே தேவையில்லை. கூட்டுச் சராசரிக்குத்தான் நடுப்புள்ளி இல்லாமல் கை கட்டப்படும். பிரிவுகளின் அகலம் மாறினாலும் கவலை வேண்டாம்: சி என்பது அந்தப் பிரிவின் அகலம், அவ்வளவே.

---

புதுவரவு_22 எழுதியது:

என்/2 சரி. சில இடத்தில் (என்+1)/2 என்று இருக்கிறதே, எதை எடுப்பது?

---

எண்சுவடி எழுதியது:

பிரிவுகளாகத் தொகுத்த தொடர் தரவுக்கு என்/2. 0, 1, 2 என்று எண்ணி எடுத்த தனித்தனி மதிப்புகளுக்கு (என்+1)/2-ஆவது ஆள் யார் என்று பார்க்க வேண்டும். 24 பேர் ஒரு வாரத்தில் எடுத்த நூலகப் புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம்:

0 : 6
1 : 9
2 : 5
3 : 3
4 : 1

குவிவு 6, 15, 20, 23, 24. 12.5-ஆவது ஆள் என்றால் 12-ஆம் 13-ஆம் ஆட்களின் சராசரி. இருவரும் "1"-இல் இருக்கிறார்கள். விடை 1.

இதில் ஒரு குழி உண்டு. நிகழ்வெண்கள் 6, 6, 5, 5, 2 என்றிருந்தால் குவிவு 6, 12, 17, 22, 24. "12.5-ஐத் தாண்டும் முதல் குவிவு" என்ற விதியை அப்படியே போட்டால் 2 என்று வரும். ஆனால் 12-ஆம் ஆள் 1-இல், 13-ஆம் ஆள் 2-இல் இருக்கிறார்கள், விடை 1.5. குவிவு சரியாக என்/2-இல் முடிந்தால் மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மதிப்புகள் ஏறுவரிசையில் இல்லாமல் குவிவு போடுவது இன்னொரு வகைத் தப்பு. கூட்டல் சரியாகவே இருக்கும், கடைசியில் 24-உம் வரும், ஆனால் நடுவிலுள்ள எண்கள் எதற்கும் பொருள் இருக்காது. இரத்த வகை மாதிரி வரிசையே இல்லாத வகைகளுக்குக் குவிவு போடுவதும் இதே கதைதான்.

---

விரிதாள் எழுதியது:

அந்த வரிசைத் தப்பு கணினியில் தானாகவே நடக்கும். பாண்டாஸில் (பைத்தான் மொழியின் தரவுக் கருவி) வேல்யூ-கவுன்ட்ஸ் (மதிப்புவாரி எண்ணிக்கை) கொடுத்தால் அது அதிக நிகழ்வெண்ணிலிருந்து இறங்குவரிசையில் அடுக்கும். அந்த நூலகக் கணக்கில் அதன் மேல் நேராகக் கம்சம் (குவிவுக் கூட்டல்) போட்டால் 9, 15, 20, 23, 24 என்று அழகாக ஒரு குப்பை வரும். முதலில் சார்ட்-இண்டெக்ஸ் செய்து மதிப்புகளை ஏறுவரிசையாக்க வேண்டும்.

எல்லை விவகாரமும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. நம் புத்தகங்களில் 40–50, 50–60 என்று ஒட்டிய பிரிவுகள் இருந்தால் 50 பெற்றவர் 50–60-இல் போவார். எக்செலின் ஃப்ரீக்வென்சி சார்பு நேர் எதிர்: கொடுத்த எண்ணுக்குச் சமமானதையும் உள்ளே எடுக்கும், 50 பெற்றவர் 40–50-க்குப் போய்விடுவார். பாண்டாஸின் கட் சார்பும் இயல்பாக அப்படியே. அதோடு 0, 10, 20 என்று எல்லை கொடுத்தால் சரியாக 0 வாங்கியவரை எந்தப் பிரிவிலும் சேர்க்காமல் வெற்றாக விட்டுவிடும், இன்க்ளூட்-லோயஸ்ட் என்று சொன்னால்தான் சேர்க்கும். நம்பை என்ற இன்னொரு பைத்தான் கருவியின் ஹிஸ்டோகிராம் நம் புத்தக முறை, கடைசிப் பிரிவு மட்டும் இரு பக்கமும் மூடியது. கடைசிக் குவிவு மொத்த எண்ணிக்கைக்குச் சமமா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

சதவீதக் குவிவில் இன்னொரு பொறி. அரும்பின் தரவையே எடுப்போம். ஒவ்வொரு பிரிவின் சதவீதத்தையும் ஒரு தசமத்துக்குத் திருத்தி: 6.7, 11.7, 21.7, 30.0, 18.3, 8.3, 3.3. இவற்றைக் குவித்தால் 6.7, 18.4, 40.1, 70.1, 88.4, 96.7, 100.0. கடைசியில் கச்சிதமாக 100. ஆனால் 24/60 சரியாக 40.0, 42/60 சரியாக 70.0. நடுவில் நாலு எண் பிசகியும் கடைசி எண் சாட்சி சொல்லவில்லை. முதலில் எண்ணிக்கையைக் குவியுங்கள், பிறகு 60-ஆல் வகுத்து, அதன் பிறகே திருத்துங்கள்.

---

மணல்_சல்லடை எழுதியது:

கட்டுமானத் துறையில் தினமும் போடும் குவிவு நிகழ்வெண் கணக்கு சல்லடைச் சோதனை. 1000 கிராம் உலர்ந்த மணல், ஒவ்வொரு சல்லடையிலும் தங்கிய எடை:

4.75 மி.மீ. : 40
2.36 மி.மீ. : 90
1.18 மி.மீ. : 190
600 மைக்ரான் : 230
300 மைக்ரான் : 280
150 மைக்ரான் : 140
அடித்தட்டு : 30

தங்கியதன் குவிவுச் சதவீதம்: 4, 13, 32, 55, 83, 97. இவற்றின் கூட்டல் 284. நூறால் வகுத்தால் 2.84, மணல் எவ்வளவு கரடு என்று சொல்லும் நுண்மைக் குணகம் இதுதான். 600 மைக்ரானில் வழியும் மணல் 100 − 55 = 45%. மணலைக் கரடு, நயம் என்று மண்டலங்களாகப் பிரிக்கும் இந்தியத் தரமான ஐஎஸ் 383-இல் மண்டலம் 2-க்கு இந்தச் சல்லடையில் 35 முதல் 59 வரை, ஆகவே மண்டலம் 2. மற்றச் சல்லடைகளின் எண்களும் அந்த மண்டல வரம்புக்குள்ளேயே இருக்கின்றன.

அடிக்கடி நடக்கும் தப்பு அடித்தட்டின் 100-ஐயும் கூட்டுவது. அப்போது 3.84 வரும், நல்ல மணலைக் கரடு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குணகம் சரியாக ஒன்று கூடியிருந்தால் முதலில் அடித்தட்டைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, இங்கே வளைவின் கிடை அச்சு மடக்கை அளவு. 50% வழியும் அளவைக் கண்டுபிடிக்க 600 மைக்ரானுக்கும் (45%) 1.18 மி.மீ.க்கும் (68%) நடுவே நேர்கோட்டில் இடைகணித்தால் 0.73 மி.மீ. வரும், மடக்கையில் இடைகணித்தால் 0.70. வரைபடத்திலிருந்து படிப்பது இரண்டாவதைத்தான்.

---

புதுவரவு_22 எழுதியது:

குவிவு எண்களையே மறுபடி கூட்டுவது அபத்தமாக இருக்கிறதே? ஒரே மணலை ஆறு முறை எண்ணுவது போல?

---

எண்சுவடி எழுதியது:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. ஆறு முறை எண்ணுவதுதான் அதன் நோக்கமே.

நூலகக் கணக்குக்குத் திரும்புவோம். குறைந்தது 1 புத்தகம் எடுத்தவர் 18, குறைந்தது 2 எடுத்தவர் 9, குறைந்தது 3 எடுத்தவர் 4, நாலு எடுத்தவர் 1. கூட்டினால் 32. நேரடியாக எண்ணுங்கள்: 9×1 + 5×2 + 3×3 + 1×4 = 32. மொத்தப் புத்தகங்கள்! மூன்று புத்தகம் எடுத்தவர் மூன்று குவிவுகளில் தலைகாட்டுகிறார், அவருடைய மூன்றும் எண்ணிக்கையில் வந்துவிடுகின்றன. 24-ஆல் வகுத்தால் சராசரி 1.33.

மணலிலும் அதேதான். 150 மைக்ரானுக்கு 1, 300-க்கு 2 என்று மேல்நோக்கி எண் கொடுத்து 4.75-க்கு 6, அடித்தட்டுக்கு 0 என்று வையுங்கள். எடையிட்ட சராசரி: (40×6 + 90×5 + 190×4 + 230×3 + 280×2 + 140×1) ÷ 1000 = 2.84. நுண்மைக் குணகம் என்பது "சராசரியாக எத்தனையாவது சல்லடை" என்பதன் விடை. இங்கே மூன்றாவதுக்குச் சற்றுக் கீழே, அதாவது 600 மைக்ரான் பக்கம். அடித்தட்டைச் சேர்த்தால் ஏன் சரியாக ஒன்று கூடுகிறது என்பதும் இதிலேயே விளங்கும்.

---

சர்வர்_காவல் எழுதியது:

கணினிப் பக்கத்திலிருந்து ஒன்று. ப்ரோமிதியஸ் என்ற சர்வர் கண்காணிப்பு மென்பொருளில் பதில் நேரத்தைச் சேமிப்பது குவிவு நிகழ்வெண்ணாகத்தான். உதாரணத்துக்கு, "0.1 விநாடிக்குள்" 620, "0.25-க்குள்" 850, "0.5-க்குள்" 940, "1-க்குள்" 985, "முடிவிலி" 1000. இந்த ஐந்தையும் கூட்டி "மொத்தக் கோரிக்கைகள்" என்று பலகையில் போடுபவர்கள் உண்டு. மொத்தம் கடைசி எண் மட்டுமே.

95 சதமானம் (100-க்கு 95 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) கேட்டால் அது செய்வது மேலே உள்ள இடைநிலைச் சூத்திரமேதான், என்/2-க்குப் பதில் 950: 0.5 + (10/45) × 0.5 = 0.61 விநாடி. 99 சதமானம் கேட்டால் 990-ஆவது கோரிக்கை திறந்த பிரிவில் விழுகிறது. மேல் எல்லை இல்லாததால் முந்தைய எல்லையான 1-ஐயே திருப்பித் தரும். சதமானம் நாள்முழுதும் அசையாமல் 1-இலேயே நின்றால் சர்வர் சீராக இருக்கிறது என்று பொருளல்ல, பிரிவுகள் போதவில்லை.

---

அரும்பு_கணக்கு எழுதியது:

கடைசிக் கேள்வி. தேர்ச்சி 35. என் அட்டவணையில் 35-க்குக் கீழ் எத்தனை பேர் என்று குவிவை வைத்துச் சொல்ல முடியுமா? எல்லை 34.5 என்று எடுத்தேன்: 11 + (4/10) × 13 = 16.2. அப்படியானால் 16 பேர்?

---

கோட்டுத்தாள் எழுதியது:

கணக்கு சரி, எல்லை 34.5 என்று எடுத்ததும் சரி. ஆனால் இந்த இடத்தில் மட்டும் விடையை நம்பாதீர்கள். பிரிவுக்குள் 13 பேரும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்பது சூத்திரத்தின் ஊகம். தேர்ச்சி எல்லையில் அது உடையும். 33, 34-இல் நிற்கும் தாளை ஒன்றிரண்டு மதிப்பெண் கொடுத்து 35-க்குத் தூக்கிவிடும் வழக்கம் இருந்தால் 35-இல் கூட்டம் மொய்க்கும், அதற்குக் கீழே வெறிச்சோடும்.

மூலத் தரவு இருந்தால் அந்த ஒரு பிரிவை மட்டும் 31–34, 35–40 என்று உடைத்து எண்ணுங்கள். எல்லைகள் 30.5–34.5, 34.5–40.5. அகலம் 4-உம் 6-உம்.

---

அரும்பு_கணக்கு எழுதியது:

எண்ணினேன். 31–34 : 3, 35–40 : 10. குவிவு இப்போது 4, 11, 14, 24, 42, 53, 58, 60. 35-க்குக் கீழ் 14 பேர், 16 அல்ல. இடைநிலை அதே 43.83. முதல் கால்மானம் (மேலே சொன்ன முதலாம் காலணை) மட்டும் மாறுகிறது: 34.5 + (1/10) × 6 = 35.1. முன்பு 33.58 வந்தது.

---

வடமராட்சி_வளையி எழுதியது:

சரி. வளையியைத் திரும்ப வரையும்போது (34.5, 14) என்ற புதுப்புள்ளியை அச்சில் அதன் உண்மையான இடத்தில் வையுங்கள். மற்றவற்றோடு சம இடைவெளியில் வைத்தால் 35.1 வரைபில் வராது.